லக், லக்கி, லக்கிலி: எந்த இடத்தில் எது

இங்கிலீஷில் லக் என்ற சொல்லை எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நடந்த காரியத்தில் சம்பந்தப்பட்டவரின் கை இருந்ததா? படித்தாரா, உழைத்தாரா, யோசித்துத் திட்டம் போட்டாரா? ஆமாம் என்றால் அது லக் இல்லை. அவர் எதுவும் செய்யாமலே வந்து வாய்த்தது என்றால் அதுதான் லக். நல்லதாக வாய்த்தால் குட் லக், கெட்டதாக வாய்த்தால் பேட் லக். முன்னால் எதுவும் சேர்க்காமல் வெறும் லக் என்று சொன்னால் பெரும்பாலும் நல்லதைத்தான் குறிக்கும்.

நான் சிங்கப்பூரில், ஈசூனில் வீட்டிலேயே இங்கிலீஷ் டியூஷன் எடுப்பவள். வார நாட்களில், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதப்போகும் பிள்ளைகள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேறு கூட்டம்: ஒர்க் பெர்மிட்டில் ஊரிலிருந்து வந்த தம்பிகள், கல்யாணமாகி இங்கே குடிவந்த பெண்கள். பிள்ளைகள் செய்யும் தவறுக்கும் தம்பிகள் செய்யும் தவறுக்கும் பொதுவாகச் சம்பந்தமே இருக்காது. இந்தச் சொல்லில் மட்டும் இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி சறுக்குகிறது. திரும்பத் திரும்ப வாயால் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுதி வைக்கிறேன்.

இலக்கணத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவோம்

லக் என்பது பெயர்ச்சொல், அதிலும் எண்ண முடியாத பெயர்ச்சொல். ‘எ லக்’ கிடையாது, ‘லக்ஸ்’ கிடையாது. ‘இட் இஸ் எ குட் லக்’ என்று எழுதினால் என்னிடம் சிவப்புக் கோடு நிச்சயம். ஒன்று என்று காட்டியே ஆகவேண்டும் என்றால் ‘எ பிட் ஆஃப் லக்’ என்றோ ‘எ ஸ்ட்ரோக் ஆஃப் லக்’ என்றோ சொல்லலாம். முதலாவது சின்ன விஷயத்துக்கு, இரண்டாவது எதிர்பாராமல் திடீரென்று வாய்த்த பெரிய விஷயத்துக்கு.

லக்கி என்பது பெயரடை. ‘எனக்கு அதிர்ஷ்டம் இருக்கு’ என்று மனத்துக்குள் ஓடுவதால் தம்பிகள் ‘ஐ ஹேவ் லக்’ என்பார்கள். சிலர் ஒரேயடியாக ‘ஐ அம் லக்’ என்பார்கள். இரண்டும் வேண்டாம். ‘ஐ அம் லக்கி’ என்றால் பொதுவாக நான் அதிர்ஷ்டசாலி. ‘ஐ வாஸ் லக்கி’ என்றால் அன்றைக்கு, அந்த ஒரு விஷயத்தில். ‘ஐ காட் லக்கி’யும் அதையேதான் சொல்லும், கொஞ்சம் பேச்சுவாக்கில். ஆனால் சனிக்கிழமை ராத்திரி எங்கே போனாய் என்று கேட்டவரிடம் ‘காட் லக்கி’ என்று பதில் சொன்னால் அதற்கு வேறு ஒரு அர்த்தமும் உண்டு. எந்த அர்த்தம் என்று வகுப்பில் கேட்காதீர்கள். ஆபீசில் ‘வாஸ் லக்கி’ போதும்.

லக்கிக்குப் பின்னால் என்ன வரும் என்பதுதான் அடுத்த குழப்பம். செயல் வந்தால் ‘டு’: ‘ஐ வாஸ் லக்கி டு கெட் எ ஸீட்’. பொருளோ சூழ்நிலையோ வந்தால் ‘வித்’: டிசம்பர் மழைக்காலத்தில் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் பிறந்தநாள் கொண்டாடி ஒரு சொட்டு மழைகூட விழவில்லை என்றால், ‘வி வேர் லக்கி வித் தி வெதர்’. ‘லக்கி ஃபார் கெட்டிங்’ என்று ஒரு வடிவம் அடிக்கடி என் மேசைக்கு வருகிறது. அது எங்கிருந்து முளைத்தது என்று எனக்கே புரியவில்லை. விட்டுவிடுங்கள்.

லக்கிலி வாக்கியத்தின் தலையில் வந்து உட்காரும், பக்கத்தில் ஒரு கமா. எழுதும்போது லக்கியின் கடைசி எழுத்தான ஒய், ஐ ஆக மாறும். இதைத் தவறாக எழுதும் பிள்ளைகளைவிட, சரியாக எழுதிப் பக்கத்துக்கு நாலு தரம் போடும் பிள்ளைகள்தான் என்னைப் படுத்துகிறார்கள். நம் ஊர்த் தொடக்கப்பள்ளிக் கட்டுரைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். கதாநாயகன் கால்வாயில் விழுவான். லக்கிலி, ஒரு வழிப்போக்கர் பார்ப்பார். லக்கிலி, அவரிடம் கைப்பேசி இருக்கும். லக்கிலி, ஆம்புலன்ஸ் சீக்கிரம் வரும். மூன்று லக்கிலி வந்துவிட்டால் படிப்பவருக்குக் கதை மேல் நம்பிக்கை போய்விடும். ஒரு கட்டுரைக்கு ஒரு லக்கிலி என்பது என் வீட்டுச் சட்டம். மிச்ச இடத்தில் அந்தப் பையனே ஏதாவது செய்து தப்பிக்கட்டும்.

உச்சரிப்பு ஒரு வரி. யு போட்டு எழுதும் லக் வேறு, ஏ போட்டு எழுதும் லேக் வேறு. இரண்டாவதற்குக் குறை, இல்லாமை என்று பொருள். வாட்ஸ்அப்பில் ஏ தட்டி அனுப்பினால் நல்ல குறை உண்டாகட்டும் என்று வாழ்த்தியதாக ஆகும். ஓ இரண்டு போட்டால் லுக், பார்வை. ‘லக்கு’ என்று கடைசியில் ஓர் உகரத்தை இழுக்காமல் வெட்டி நிறுத்துங்கள், அவ்வளவுதான்.

யாரைப் பார்த்து ‘யூ ஆர் லக்கி’ எனலாம்?

இங்கேதான் நான் முதலில் சொன்ன கேள்வி வேலைக்கு வரும்.

சிங்கப்பூரில் உண்மையான லக் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பேலட்டில், அதாவது குலுக்கலில், இருக்கிறது என்பேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) புதிதாகக் கட்டித் தரும் பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பம் போட்ட பிறகு கணினிக் குலுக்கலில்தான் வரிசை எண் வருகிறது. முன்னுரிமை விதிகள் உண்டு, ஆனால் கடைசியில் குலுக்கல் குலுக்கல்தான். ஆகவே வரிசை எண் முன்னால் கிடைத்த தம்பதியைப் பார்த்து ‘வாவ், ஸோ லக்கி’ என்று தாராளமாகச் சொல்லலாம். அவர்களும் சிரிப்பார்கள். தொடக்கநிலை ஒன்றில் பிள்ளையைச் சேர்க்கும்போது, இருக்கும் இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் அதற்கும் பேலட் உண்டு. பள்ளிக்கு எவ்வளவு பக்கத்தில் வீடு என்பதைப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் குலுக்குவார்கள். அதில் இடம் கிடைத்தால் ‘லக்கி’, கிடைக்காவிட்டால் ‘அன்லக்கி’. இரண்டுமே பொருந்தும்.

அதே பிள்ளை ஆறு வருஷம் கழித்து பிஎஸ்எல்இயில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்து நிற்கும்போது அதன் அம்மாவிடம் ‘யுவர் சன் இஸ் ஸோ லக்கி’ என்று சொன்னீர்களானால், அடுத்த தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு முறுக்கு வராது. அந்தப் பையன் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து பின்னக் கணக்குப் போட்டது அவளுக்குத் தெரியும். அங்கே சொல்ல வேண்டியது ‘வெல் டன்’, ‘கங்ராட்ஸ்’, ‘ஹீ டிசர்வ்ஸ் இட்’. பதவி உயர்வுக்கும் அப்படித்தான். லைசன்ஸ் எடுத்தவருக்கும் அப்படித்தான். ஃப்ளூக் என்ற சொல் இதைவிட மோசம். பில்லியர்ட்ஸ் மேசையில் குறி வைக்காமலே பந்து குழிக்குள் போவதற்குச் சொன்ன வார்த்தை அது. அடுத்தவர் ஜெயித்ததைப் பார்த்து ‘இட் வாஸ் எ ஃப்ளூக்’ என்றால் உனக்குத் திறமை இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாகும்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், உங்கள் வெற்றியை நீங்களே லக் என்று சொல்லிக்கொள்ளலாம். அது அடக்கம். ‘ஹவ் டிட் யூ கெட் தி ஜாப்?’ என்றால் ‘ஐ வாஸ் லக்கி’ என்பது அழகான பதில், எதிராளி மறுத்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல இடம் கொடுக்கும் பதில். நேர்காணலில் மட்டும் இந்த அடக்கம் வேண்டாம். முந்தைய வேலையில் ஒரு சாதனை சொல்லச் சொன்னால் நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள்.

ராசி, கைராசி, கொடுத்துவைத்தவர்

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ராசியான சட்டை, ராசியான எண், ராசியான பேனா இதெல்லாம் சுலபம். ‘மை லக்கி ஷர்ட்’, ‘மை லக்கி நம்பர்’, ‘மை லக்கி பென்’. பரீட்சைக்கு அதே பேனாவைக் கொண்டுபோகும் பழக்கம் எந்த மொழிக்காரரையும் விட்டுவைக்கவில்லை.

ஆளுக்கு வரும்போது தலைகீழாகிவிடும். ‘எங்க மருமகள் ராசியானவள், அவள் வந்த நேரம் வீடு கிடைச்சுது’ என்று ஒரு மாமி சொல்ல நினைக்கிறார். ‘மை டாட்டர் இன் லா இஸ் லக்கி’ என்கிறார். கேட்ட பக்கத்து வீட்டுச் சீன அம்மா என்ன புரிந்துகொள்வார்? இப்படி ஒரு மாமியார் கிடைத்ததால் மருமகள் கொடுத்துவைத்தவள் என்று இவரே பெருமை அடித்துக்கொள்வதாக! ஒருவர் லக்கி என்றால் நல்லது அவருக்கு வருகிறது. அவரால் நமக்கு வருகிறது என்று சொல்ல வேண்டுமானால் ‘ஷீ பிராட் அஸ் லக்’, அல்லது ‘ஷீ இஸ் அவர் லக்கி சார்ம்’. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

கைராசிக்கு நேர் வார்த்தை தேடி அலைய வேண்டாம். ‘கைராசியான டாக்டர்’ என்பதை ‘லக்கி டாக்டர்’ என்று சொன்னால், சரியாகப் படிக்காமல் எப்படியோ காலம் தள்ளுகிறவர் என்று அர்த்தம் போய்விடும். தம்பி ஒருவர் பல் வலிக்கு நல்ல கிளினிக் கேட்ட தன் சூப்பர்வைசரிடம் ‘திஸ் டாக்டர் வெரி லக்கி ஹேண்ட்’ என்று சிபாரிசு செய்தாராம். சூப்பர்வைசர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். ‘ஹீ இஸ் வெரி குட்’, அல்லது ‘ஐ ஆல்வேஸ் கெட் பெட்டர் ஆஃப்டர் ஸீயிங் ஹிம்’ என்றால் போதும்.

கொடுத்துவைத்தவர் என்பதற்கு லக்கி கச்சிதமாகப் பொருந்தும்: ‘யூ ஆர் லக்கி டு ஹேவ் ஸச் எ சிஸ்டர்’. ஆனால் கொடுத்துவைக்கவில்லை என்பது கனமான பேச்சு. அதை அன்லக்கி என்று சொன்னால் எடை குறைந்துவிடும். ‘இட் வாஸ்ன்ட் மென்ட் டு பி’ என்பது கிட்டத்தட்ட அந்தக் கனத்தைத் தாங்கும். யாரையும் ‘அன்லக்கி பெர்சன்’ என்று முத்திரை குத்தாதீர்கள். ராசியில்லாதவர் என்று தமிழில் சொன்னால் எவ்வளவு சுருக்கென்று இருக்குமோ அவ்வளவு இருக்கும்.

கடவுள் புண்ணியத்தில் நடந்தது என்று நினைப்பவர்களிடம் லக் பேசாமல் இருப்பது நல்லது. மசூதிக்கோ தேவாலயத்துக்கோ தவறாமல் போகிற நண்பர்கள் சிலருக்கு லக் என்ற சொல்லே பிடிக்காது, இறைவன் கொடுத்ததை எதற்குக் குலுக்கல் மாதிரி பேசுகிறாய் என்பார்கள். அவர்களிடம் ‘யூ ஆர் பிளெஸ்ட்’ எனலாம்.

குட் லக்: எப்போது, யாருக்கு

காரியத்துக்கு முன்னால் மட்டும். முடிந்த பிறகு ‘குட் லக்’ சொன்னால் பொருளே இல்லை. டிரைவிங் டெஸ்டுக்குப் போகிறவருக்கு ‘குட் லக் வித் யுவர் டெஸ்ட்’. நாளைக்கு என்றால் ‘குட் லக் ஃபார் டுமாரோ’. புது வேலைக்குப் போகும் சக ஊழியருக்கு ‘குட் லக் இன் யுவர் நியூ ஜாப்’. மேலதிகாரிக்கோ அதிகம் பழகாதவருக்கோ அட்டையில் எழுதும்போது ‘விஷிங் யூ ஆல் தி பெஸ்ட்’ இன்னும் பாந்தமாக இருக்கும். எனக்கு எப்போதும் ‘ஆல் தி பெஸ்ட்’தான் பிடிக்கும். அதில் உழைப்புக்கும் இடம் இருக்கிறது.

கல்யாணத்துக்குச் சொல்லாதீர்கள். சீன நண்பரின் திருமண விருந்துக்குப் போன ஒரு தம்பி, சிவப்பு உறையின் மேல் ‘குட் லக் ஃபார் யுவர் மேரேஜ்’ என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். மேசையில் ஒரே சிரிப்பு. ‘பாவம், மாட்டிக்கிட்டே, சமாளி’ என்கிற தொனி அதில் வந்துவிடுகிறது. ‘கங்ராஜுலேஷன்ஸ் அண்ட் பெஸ்ட் விஷஸ்’ எழுதுங்கள். உறைக்குள் வைப்பதிலும் கவனம்: நாம் மொய்க்கு 51, 101 என்று ஒரு வெள்ளி கூட்டி வைப்போம், அவர்களுக்கு இரட்டைப்படைதான் மங்களம். நாலு வேண்டாம், எட்டு விசேஷம்.

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவரிடமும் நான் ‘குட் லக்’ சொல்லமாட்டேன். தவறு இல்லை, ஆனால் டாக்டர் சீட்டுக் குலுக்கப்போகிறார் என்பது போல ஒலிக்கும். ‘ஐ ஹோப் இட் கோஸ் வெல்’ மனசுக்கு இதம்.

இனி, சிங்கப்பூரர்கள் சொல்லும் குட் லக் எல்லாம் வாழ்த்து இல்லை. ‘யூ வான்ட் டு ஃபைண்ட் பார்க்கிங் அட் தேக்கா ஆன் சன்டே ஈவ்னிங்? குட் லக்!’ என்றால் நடக்காது என்று அர்த்தம். ‘நெவர் வேர் ஹெல்மெட், தென் குட் லக் டு யூ ஆ’ என்று சூப்பர்வைசர் சொன்னால் அது எச்சரிக்கை. இதற்கு ‘தேங்க் யூ சார்’ என்று பதில் சொன்ன கதைகளும் எங்கள் மேசையில் உண்டு. முகத்தையும் குரலையும் பாருங்கள்.

மேடை ஏறுகிறவர்களுக்கு ‘பிரேக் எ லெக்’ என்று ஒரு வழக்கம் இருக்கிறது. காலை உடைத்துக்கொள் என்று சொன்னாலும் பொருள் நல்லபடி நடக்கட்டும் என்பதுதான். நாடகக்காரர்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம். பரத அரங்கேற்றத்துக்கு நிற்கும் பெண்ணிடம், அதுவும் அவள் பாட்டி காதில் விழும்படி, வேண்டவே வேண்டாம்.

கெட்ட பக்கம்

‘பேட் லக்’ சின்ன விஷயத்துக்கு. பஸ் கண் முன்னால் போய்விட்டது, குடை எடுக்காத அன்று மழை. ‘ஹார்ட் லக்’ பிரிட்டிஷ் வழக்கம், தோற்றவருக்குச் சொல்லும் ஆறுதல். பள்ளிக் கால்பந்தில் ஒரு கோலில் தோற்ற பையனிடம் ‘ஹார்ட் லக், பெட்டர் லக் நெக்ஸ்ட் டைம்’ எனலாம். ‘டஃப் லக்’ கிட்டத்தட்ட அதே மாதிரி தெரிந்தாலும் பல நேரம் அதில் இரக்கம் இருக்காது, ‘அதுக்கு நான் என்ன செய்யறது’ என்கிற மாதிரி. அதனால் பழகும் வரை தொடாதீர்கள். சாவுச் செய்திக்கு இந்த மூன்றில் எதுவும் கூடாது. ‘ஐ அம் ஸோ ஸாரி’ மட்டும்.

‘ஜஸ்ட் மை லக்’ என்பதைக் கேட்டு நல்லது நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது எப்போதுமே அலுப்பு. நேர்காணல் அன்றைக்குப் பார்த்து ரயில் தடைப்படுகிறது: ‘என் நேரம்!’ என்கிறோமே, அதுதான் ‘ஜஸ்ட் மை லக்’. ‘நோ ஸச் லக்’ என்றால் நினைத்தது நடக்கவில்லை: ‘தீபாவளிக்கு மறுநாளும் லீவு கிடைச்சுதா?’ ‘நோ ஸச் லக்.’ கேட்டு வாங்கிய ஒரு நாள் லீவோடு நிற்காமல் இன்னும் இரண்டு நாள் கேட்கப் போனால் ‘டோன்ட் புஷ் யுவர் லக்’ என்பார்கள், இதுவரை கிடைத்ததையும் கெடுத்துக்கொள்ளாதே என்று. கடைக்காரர் ‘யூ ஆர் இன் லக்’ என்றால் நீங்கள் கேட்டது இருக்கிறது, ‘அவுட் ஆஃப் லக்’ என்றால் தீர்ந்துவிட்டது. அமெரிக்கர்கள் சொல்லும் ‘லக் அவுட்’ மட்டும் இதில் ஏமாற்றுக்காரன். லக் வெளியே போனது போலத் தெரிந்தாலும் அவர்களுக்கு அது அதிர்ஷ்டம் அடித்ததையே குறிக்கும்.

நம் ஊர் வழக்கு

கோப்பிக்கடையில் இங்கிலீஷ் லக்கை விட ஹொக்கியன் போன்ற சீன வட்டார மொழிச் சொற்களைத்தான் அதிகம் கேட்பீர்கள். ‘ஹெங் ஆ’ என்றால் லக்கிலி, நல்லவேளை. ‘சுவே’ என்றால் துரதிர்ஷ்டம். ‘ஓங்’ என்றால் அதிர்ஷ்டக் காற்று அடிக்கிறது. ‘ஹுவாட் ஆ’ சீனப் புத்தாண்டில் லோ ஹெய் என்று எல்லாரும் சேர்ந்து காய்கறிக் கலவையைக் கிளறும்போது கத்துவது, செல்வம் பெருகட்டும் என்று. ஏதாவது அபசகுனமாகச் சொல்லிவிட்டால் ‘சோய்! டச் வுட்!’ என்று மேசையைத் தட்டுவார்கள். நாம் ‘வாயைக் கழுவு’ என்போம். இவை எல்லாவற்றையும் வாயால் சொல்லுங்கள், சொன்னால் உறவு நெருங்கும். மின்னஞ்சலில் எழுதாதீர்கள். ‘ஹெங் தி லாரி நெவர் ஹிட் மீ’ என்பது பேச்சு. விபத்து அறிக்கையில் ‘ஃபார்ச்சுனேட்லி, நோ ஒன் வாஸ் ஹர்ட்’ என்று வர வேண்டும்.

ஃபார்ச்சுனேட்லி லக்கிலிக்குக் கோட்டு சூட்டு போட்ட அண்ணன். அலுவலகத்தில் எழுத அவனைக் கூப்பிடுங்கள். அவனுடைய எதிர்ப்பதம் அன்ஃபார்ச்சுனேட்லி கடிதத்தின் இரண்டாவது வரியில் தலைகாட்டினால் மிச்சத்தைப் படிக்காமலே தெரிந்துவிடும், வேலை கிடைக்கவில்லை. ஆனால் அடிச்சொல்லான ஃபார்ச்சூன் பணமாகவும் மாறும்: ‘மேட் எ ஃபார்ச்சூன்’ என்றால் ஏராளமாகச் சம்பாதித்தார், ‘காஸ்ட் எ ஃபார்ச்சூன்’ என்றால் விலை யானை விலை. 1990ல் வந்த சிஓஇ முறையைப் பற்றிப் பேசும் எவர் வாயிலும் இரண்டாவது வந்தே தீரும். பத்து வருஷம் கார் வைத்திருக்க உரிமைச் சீட்டுக்கே கொட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறதே.

ஃபோர் டி, டோட்டோ என்ற லாட்டரிகளைப் பற்றிய பேச்சுக்கு நம் ஊரில் ‘ஸ்ட்ரைக்’ என்பார்கள்: ‘ஹீ ஸ்ட்ரக் ஃபோர் டி’. நம்பர் அடிச்சிருக்கு என்று நாம் சொல்வதோடு அப்படியே பொருந்துகிறது. லண்டனில் போய்ச் சொன்னால் முழிப்பார்கள், அங்கே ‘ஒன் தி லாட்டரி’. விபத்தில் சிக்கிய காரின் எண்ணைப் பார்த்து ஓடிப்போய் எடுக்கிறவர்கள் ‘ஜஸ்ட் ட்ரை மை லக்’ என்பார்கள். எடுங்கள், எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்களில் ஒரு குலுக்கலுக்கு 23 எண்களுக்குத்தான் பரிசு. டோட்டோவில் 49ல் ஆறைச் சரியாகப் பிடிக்க வேண்டும், அதற்கு ஏறக்குறைய 14 மில்லியன் சேர்க்கைகள். இதில் அடித்தால் அது லக்தான், யாரும் மறுக்க முடியாது. அப்படி எதிர்பாராமல் வரும் பெரும்பணத்துக்கு வின்ட்ஃபால் என்று பெயர், காற்றில் தானாக உதிர்ந்த பழம். அடுக்குமாடி முழுவதும் மொத்தமாக ‘என் பிளாக்’ விற்பனைக்குப் போகும்போது நாளிதழ்களில் இந்தச் சொல்லைப் பார்க்கலாம். மாதச் சம்பளத்துக்கும் போனசுக்கும் இதைப் போடாதீர்கள், அவை நீங்கள் உழைத்தது.

லக்கி டிரா இல்லாமல் சமூக மன்றத் தீபாவளி விருந்து முழுமை பெறாது, கடைசிப் பரிசான ரைஸ் குக்கர் வரை ஒருவரும் எழுந்திருக்கமாட்டார்கள். இங்கேயும் மலேசியாவிலும் இதுதான் பெயர். பிரிட்டிஷ்காரர்கள் பெரும்பாலும் ராஃபில் என்பார்கள். பாட்லக் என்று அழைப்பு வந்தால் அதில் குலுக்கல் ஏதும் இல்லை, ஆளுக்கொரு பண்டம் கொண்டுபோக வேண்டும். வெறுங்கையோடு போய் பரிசுச் சீட்டு எங்கே என்று கேட்காதீர்கள். பானையில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதுதான் வந்தவருக்கு என்பது அந்தச் சொல்லின் பழைய பொருள்.

செரண்டிபிட்டி என்று ஒரு நீளமான சொல் இருக்கிறது. பிள்ளைகள் கட்டுரையில் போட ஆசைப்படுவார்கள். 1754ல் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் ஒரு கடிதத்தில் உண்டாக்கியது. இலங்கையின் பழைய பெயர்களில் ஒன்றான செரண்டிப்பை வைத்து, அந்நாட்டு இளவரசர்கள் தேடாததை வழியில் கண்டுபிடித்துக்கொண்டே போகும் ஒரு கதையிலிருந்து எடுத்தார். ஆகவே ஒன்றைத் தேடப்போய் வேறொரு நல்லதைக் கண்டால்தான் செரண்டிபிட்டி. 1928ல் கிருமிகளை வளர்த்த தட்டில் தற்செயலாகப் பூஞ்சை படர்ந்ததைப் பார்த்து ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டது நல்ல உதாரணம். டோட்டோ அடித்தது செரண்டிபிட்டி இல்லை, அதைத் தேடித்தானே கடைக்குப் போனீர்கள்? முஸ்தஃபா கடையில் சார்ஜர் வாங்கப் போய், பத்து வருஷமாகப் பார்க்காத பள்ளித் தோழியை மசாலா வரிசையில் சந்தித்தால், அங்கே போடுங்கள்.

கடைசியாக, உங்களிடம் யாராவது ‘குட் லக்’ சொன்னால் என்ன பதில்? ‘தேங்க்ஸ்’ போதும். பயமாக இருக்கிறது என்று சிரித்தபடி காட்ட ‘தேங்க்ஸ், ஐ வில் நீட் இட்’. ‘ஸேம் டு யூ’ என்பதை யோசித்துச் சொல்லுங்கள். பக்கத்து இருக்கையில் அதே பரீட்சை எழுதுகிறவரிடம் சொல்லலாம். டிரைவிங் டெஸ்டில் பக்கத்தில் உட்கார்ந்து மதிப்பெண் போடப்போகும் அதிகாரியிடம் சொன்னால், அவர் சீட் பெல்ட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துக்கொள்வார்.